கூப்பாட்டுக்கல்

புவனேந்திரனை மலைக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டுமென்று என் தம்பி தினேஸ் வந்து சொன்னபோது நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். கையை நிறுத்தவில்லை. நிமிர்ந்திருந்தால் என் முகத்தில் ஓடியதை அவன் பார்த்திருப்பான்.

"மொதலாளிக்குக் கூப்பாட்டுக்கல்லப் பாக்கணுமாம்க்கா. அது மேல கண்ணாடியில மேடை கட்டப் போறாராம், வெள்ளக்காரங்க நின்னு போட்டோ புடிக்க. ஒன்னைய விட்டா அந்த வழி தெரிஞ்ச கைடு யாரு இருக்கா?"

"என்னைக்கு?"

"வெள்ளிக்கெழம." கதவுநிலையைப் பிடித்துக்கொண்டான். "பழசையெல்லாம் மனசுல வச்சுக்காதக்கா. ஒனக்கும் கம்பனியில நெரந்தர வேல தாறேன்னு சொல்றாரு."

"சரி, கூட்டிட்டு வா."

சுமையை இறக்கி வைத்தவன்போல அவன் பெருமூச்சு விட்டான். எனக்குச் சிரிப்பு வந்தது. எத்தனை வருஷமாக இந்த நாளுக்குக் காத்திருக்கிறேன் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

புவனேந்திரன் யாரென்று சொல்லிவிடுகிறேன். பதுளை டவுனில் பரம்பரையாக இரும்புக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை. ஆணி விற்று அலுத்துப்போய் எங்கள் மலைகளை விற்கத் தொடங்கியவன். பசறை, லுணுகலைப் பக்கத்துத் தோட்டங்களில் வெள்ளைக்காரர்களை நடக்க வைக்கும் கம்பனி அவனுடையது. அந்தக் கம்பனியின் மஞ்சள் ஜேர்சியைப் போட்ட முதல் கைடு என் வீட்டுக்காரர் சுரேஸ். சோலமலைத் தோட்டத்திலேயே பிறந்து, இந்த மலையிலுள்ள அட்டைகளுக்கெல்லாம் இரத்தம் கொடுத்து வளர்ந்தவர்.

அவர் செத்த அன்று நல்ல மழை. அருவிக்கு மேலே ஓடையைக் கடந்து போக வேண்டும். தண்ணீர் ஏறியிருக்கிறது, இன்றைக்கு வேண்டாம் என்று லயத்து வீட்டு வாசலிலிருந்தே புவனேந்திரனுக்குப் போன் போட்டாராம். மூட்டை தூக்க அவரோடு போன தினேஸ் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறான். "ஆளுங்க நாளைக்கு பிளேன் ஏறணும். கூட்டிட்டுப் போறியா, இல்ல ஜேர்சியக் கழட்டிக் குடுத்துட்டு வீட்டுக்குப் போறியா?" என்றானாம் முதலாளி. இவர் கூட்டிக்கொண்டு போனார். நடு ஓடையில் வழுக்கிய ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைக் கரைக்குத் தள்ளிவிட்டு, தான் தண்ணீரோடு போனார். அருவிக்குக் கீழேதான் எடுத்தார்கள்.

இதையெல்லாம் அன்று சாயங்காலம் தினேஸ்தான் என் காலைக் கட்டிக்கொண்டு அழுது அழுது சொன்னான். மறுநாள் பொலிசுக்குப் போய்விட்டு வந்தவன் பிறகு அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. "எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா, மொதலாளி எல்லாத்தையும் பேசி முடிச்சிட்டாரு" என்றான். கொஞ்ச நாளில் கம்பனி வேனை ஓட்டும் வேலை கிடைத்தது. பயந்த சுபாவம், பிழைத்துப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். என் கோபம் முழுவதும் புவனேந்திரனுக்கென்று பத்திரமாக இருந்தது.

ஓர் உயிரைக் கொன்றதோடு அவன் விட்டிருந்தால்கூட நான் மண்ணைத் தூற்றிவிட்டு இருந்திருப்பேன். அவர் பெயரையும் அவன் கொன்றான். அதைச் சொல்ல வேண்டுமானால் எங்கள் கைடுகளின் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஓடைக்கரையில் அத்திமரத்தடியில் முனி இருக்கிறது. ஆட்களைக் கூட்டிக்கொண்டு மலைக்குப் போகிற கைடின் பையில் கால் போத்தல் சாராயம் இருக்கும். போகும்போது பாதியை முனியின் கல்லில் ஊற்றிவிட்டு, மிச்சத்தை மூடிப் பைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். கூட்டிப் போனவர்களைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்தபிறகு அந்தப் பாதியையும் ஊற்ற வேண்டும். அதுதான் சாமி பங்கு. தோட்டத்தில் மூக்கு முட்டக் குடிக்கிறவன்கூட அதில் ஒரு சொட்டுத் தொடமாட்டான்.

கரையில் கிடந்த அவருடைய பையில் போத்தல் பாதி இருந்தது. இருக்கத்தானே செய்யும்? மனிதர் திரும்பி வரவில்லையே.

ஆனால் பொலிசில் சொல்லப்பட்ட கதை வேறு. கம்பனி போக வேண்டாமென்று சொல்லியும் கைடு கேட்கவில்லை, சாமிக்குக் கொண்டுபோன சாராயத்தில் பாதியை வழியிலேயே குடித்துவிட்டு வெறியில் ஓடைக்குள் இறங்கினார் என்று. வெறுமனே குடித்திருந்தார் என்றால் தோட்டம் ஒரு வாரம் பேசிவிட்டு மறந்திருக்கும். சாமி பங்கைக் குடித்தான் என்றதும் எல்லார் முகமும் மாறிவிட்டது. முனி அடித்து இழுத்துக்கொண்டது என்றார்கள். அவரைப் பெற்ற என் மாமி பெரியாயி, சுவரிலிருந்த மகனின் படத்தைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் போட்டுவிட்டு, அன்றிலிருந்து அவர் பேச்சையே எடுக்கவில்லை. அடுத்து வந்த திருவிழாவில் என் மகள் யசோதினி கொண்டுபோன மாவிளக்குத் தட்டைக் கோயிலில் தனியாக ஒதுக்கி வைத்தார்கள். "சாமி பங்கு திருடுனவன் மக" என்று பிள்ளைகள் சொல்ல, பாதி வழியிலேயே அழுதுகொண்டு ஓடிவந்தாள். வந்தவள் என்னைப் பார்த்து, "அப்பா ஏம்மா அதக் குடிச்சாரு?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விதான் என்னை அறுத்தது. அன்று சாமிப் படத்துக்கு முன்னால் நின்று சொன்னேன், புவனேந்திரன் தன் வாயால், தோட்டமே கேட்க, உண்மையைச் சொல்ல வேண்டும். அதுவரைக்கும் இந்தக் கட்டை வேகக் கூடாது.

கொழுந்து பறிக்கப் போவதை விட்டேன். அவருடைய சப்பாத்துக்குள் துணியைத் திணித்துக் காலில் மாட்டிக்கொண்டு நானும் கைடானேன். பொம்பளை கைடு என்று முதலில் சிரித்தார்கள். மலை யாரையும் பார்த்துச் சிரிக்காது. காடு, ஓடை, கல், எல்லாம் பழகினேன். பழகும்போதெல்லாம் கூப்பாட்டுக்கல்லில்தான் என் கண் இருந்தது.

அது மலையின் வயிற்றிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு தட்டைக் கல். பின்னால் பாறை முறம்போல வளைந்து நிற்கும். அங்கே நின்று கத்தினால் சத்தம் அப்படியே வழுக்கிக் கீழே இறங்கும். தோட்டத்தில் அந்தப் பக்கத்துக்குப் போன் சிக்னல் கிடையாது. அதனால் லொறி வந்துவிட்டது, நிறுவைக்கு வாங்க, கல்லு வெடிக்கப் போறாங்க ஒதுங்குங்க என்று எதைச் சொல்ல வேண்டுமானாலும் இன்றைக்கும் தம்பையா கங்காணி அந்தக் கல்லுக்குப் போய்த்தான் கத்துவார். கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் நிற்கிறவர்களுக்குக் காதுக்குப் பக்கத்தில் பேசுவதுபோலக் கேட்கும். மேலே நிற்கிறவனுக்கோ கீழே பேசுகிற சத்தம் ஒன்றும் வராது. பக்கத்து ஓடையின் இரைச்சல் அடைத்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. அந்தக் கல்லில் இறங்கி நிற்பது சுலபம், பாறை விளிம்பிலிருந்து ஒரு குதி குதித்தால் போதும். திரும்பி ஏறத்தான் தெரிய வேண்டும். கால் வைக்கிற பொந்து விளிம்புக்கு அடியில் ஒளிந்திருக்கும். கல்லில் நிற்கிறவன் கண்ணுக்கு அது தெரியாது. தம்பையா கங்காணிக்குத் தெரியும், எனக்குத் தெரியும்.

அந்தக் கல்லுக்கு அவனை எப்படிக் கொண்டு போவது என்று நான் எத்தனையோ நாள் தூக்கம் கெட்டு யோசித்திருக்கிறேன். கடைசியில் அவனே ஆள் அனுப்பிக் கேட்கிறான்.

வெள்ளிக்கிழமை வேன் வந்து நின்றது. சென்ட் வாசனை முதலில் இறங்கியது, பிறகு புவனேந்திரன் இறங்கினான். வெள்ளைச் சப்பாத்து. கழுத்தில் கெமரா.

"எப்பிடி விஜயா? மகள் படிக்கிறாளா?"

"படிக்கிறா மொதலாளி."

"நாமெல்லாம் ஒரே குடும்பம் மாதிரி. சுரேஸ் தங்கமான பையன். அந்தக் குடி மட்டும் இல்லாட்டி..." என்று நாக்கால் ச்சு கொட்டினான்.

தினேஸ் வேன் கண்ணாடியைத் துடைக்கத் திரும்பிக்கொண்டான். எனக்குக் காது சுட்டது. "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம் மொதலாளி" என்றேன். அடுப்பை மெதுவாகப் பற்ற வைத்தேன், தண்ணீரை மெதுவாகக் கொதிக்க விட்டேன். சாயங்கால நிறுவை நேரத்துக்குத்தான் பனி ஏறும். அந்த நேரத்துக்கு நாங்கள் கல்லில் இருக்க வேண்டும். வேனை மடுவத்தில் கொண்டுபோய் நிறுத்தி வைக்கும்படி தினேஸிடம் சொன்னேன். அவனும் தலையாட்டினான்.

புறப்படும்போது எல்லாரையும் அட்டைக்குச் சவர்க்காரம் தடவிக்கொள்ளச் சொல்வது என் வழக்கம். அவனுக்குச் சொல்லவில்லை. சின்னப் பழிதான், ஆனாலும் சுகமாக இருந்தது. மானாப்புல்லைத் தாண்டுவதற்குள் வெள்ளைச் சப்பாத்துக்குள் நாலைந்து புகுந்துவிட்டன. அவன் துள்ளிய துள்ளலைப் பார்த்து, "ஒண்ணும் செய்யாது மொதலாளி, கெட்ட ரத்தத்தத்தான் குடிக்கும்" என்றேன்.

அத்திமரத்தடியில் நின்று போத்தலை எடுத்தேன். பாதியை முனியின் தலையில் ஊற்றினேன்.

"ஓ, சாராயமா? நல்ல சாமி!" என்று சிரித்தான். "ஏன் மிச்சத்த மூடுற? நமக்கா?"

"அது வரும்போது ஊத்த. திரும்பி வந்தாத்தான்."

"இப்பிடியெல்லாம் இருக்கா? வெள்ளக்காரங்களுக்கு இதச் சொல்லணும், நல்லா எடுபடும்" என்று சொல்லி முனியையும் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டான். அந்த நிமிஷமே நான் விழித்திருக்க வேண்டும். கோபம் கண்ணை மறைத்திருந்தது. அவன் கழுத்தையும் கெமராவையும் தவிர எனக்கு வேறொன்றும் தெரியவில்லை.

கல்லுக்கு வந்து சேர்ந்தபோது வெயில் இருந்தது. கீழே பச்சை பச்சையாக மலைகள், நடுவில் தகரக் கூரையோடு மடுவம், எறும்புகள்போலக் கொழுந்து மூட்டையோடு வந்துகொண்டிருக்கும் பெண்கள். அவன் சொக்கிப்போனான். நான் இறங்கச் சொல்லவேயில்லை. அவனாகவே குதித்தான். "இந்த மூலையில கைப்பிடி, இங்க கண்ணாடி, இங்க டிக்கட் கவுன்டர்" என்று கையை நீட்டி நீட்டி எங்கள் மலையைக் கூறு போட்டான். நான் விளிம்புக்கு மேலே புல்லில் உட்கார்ந்து பனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அது பள்ளத்திலிருந்து ஏறி வந்தது. முதலில் மடுவம் போனது, பிறகு மலைகள் போயின, பிறகு அவன் சப்பாத்து. கீழே கொழுந்து லொறியின் ஹோர்ன் சத்தம் மட்டும் ஒரு தடவை வந்தது. நிறுவை தொடங்கிவிட்டது.

"போதும் விஜயா, ஏறுவம். எங்க கால வக்கிறது?"

நான் புல்லிலேயே உட்கார்ந்திருந்தேன்.

"விஜயா?"

"இங்கதான் இருக்கேன் மொதலாளி."

"கையக் குடு."

"தாறேன். அதுக்கு முன்னுக்கு ஒரு கேள்வி. அன்னைக்குத் தண்ணி கூடியிருக்குன்னு எங்க வீட்டுக்காரரு ஒங்களுக்கு போன் போட்டாரா, இல்லையா?"

அவன் சிரிக்கப் பார்த்தான். "இதெல்லாம் பேசற எடமா இது?"

"இதுதான் மொதலாளி எடம்."

அவன் விளிம்பைத் தடவினான். கால் வழுக்குகிற சத்தம் கேட்டது. "ஒன்னைய பொலிசுல புடிச்சுக் குடுப்பேன்!" என்றான்.

"குடுங்க. ஏறி வந்து குடுங்க. நான் ஒண்ணும் செய்யலியே. நீங்க குதிச்ச எடத்துலதான் நீங்க நிக்கிறீங்க."

"தினேஸ்! டேய் தினேஸ்! எங்கடா இருக்க?" என்று தொண்டை கிழியக் கத்தினான். கத்தட்டும் என்று இருந்தேன். கீழே தராசைச் சுற்றி நிற்கிற அத்தனை பேரும் தலையைத் தூக்கி மேலே பார்த்திருப்பார்கள். கீழிருந்து பதில் வராததால், உலகத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான் இருக்கிறோம் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

பிறகு பேரம் பேசினான். நிரந்தர வேலை என்றான், மகளைப் பதுளையில் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறேன் என்றான். தூறல் விழத் தொடங்கியது. கல் ஈரமானால் எண்ணெய் தடவியதுபோல ஆகிவிடும். அவன் உட்கார்ந்துவிட்டது குரலிலேயே தெரிந்தது, குரல் கீழேயிருந்து வந்தது. எனக்கு இரக்கம் வருமோ என்று பயந்திருந்தேன். வரவில்லை. அவர் ஓடைக்குள் போனபோது இவன் கடையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்ததைத்தான் நினைத்துக்கொண்டேன்.

"போட்டான்" என்றான் கடைசியில்.

"என்ன மொதலாளி? ஓட எரையுது. கேக்கல."

"போன் போட்டான்! தண்ணி ஏறியிருக்குன்னு சொன்னான்!"

"நீங்க என்ன சொன்னீங்க?"

"போகச் சொன்னேன்! போகாட்டி வேலைய விட்டுப் போன்னு சொன்னேன்! நான்தான் சொன்னேன்! போதுமா? கையக் குடு!"

இத்தனை வருஷமாக நெஞ்சில் கட்டிக்கொண்டு திரிந்த கல்லில் பாதி கீழே விழுந்தது. மிச்சப் பாதி மகளுடையது. "சாமி பங்க அவரு குடிச்சாரா?" என்று கேட்டேன்.

"எனக்கெப்பிடித் தெரியும்? நான் அங்க இல்லையே!"

"அப்ப ஏன் அப்பிடி ஒரு பொய்யச் சொன்னீங்க?"

"நான் சொல்லல!" அவன் அழுதுகொண்டு கத்தினான். "அந்தச் சாமி பங்கு என்னன்னே எனக்குத் தெரியாது! கம்பனிய மூடிருவாங்க, ஒரு வழி சொல்லுடான்னு ஒன் தம்பிகிட்டத்தான் கேட்டேன். அவன்தான் சொன்னான், சாமி பங்கக் குடிச்சிட்டான்னு சொன்னாத் தோட்டத்துல ஒருத்தனும் கேள்வி கேக்க மாட்டான்னு. பொலிசுல சொன்னதும் அவன்தான். தினேஸ்! தினேஸ்தான் சொன்னான்!"

பொய் சொல்றான் என்று நான் எழுந்தேன். எழுந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தானே மிச்சத்தை ஏன் மூடுகிறாய் என்று கேட்டான் இவன்? பாதி போத்தலைப் பார்த்து அப்படி ஒரு கதை கட்ட இரும்புக்கடைக்காரனுக்கு எப்படித் தெரியும்? எங்கே குத்தினால் தோட்டம் வாயை மூடும் என்று தோட்டத்தில் பிறந்தவனுக்கல்லவா தெரியும். புருஷனைப் பறிகொடுத்த வீட்டில் என்னோடு உட்கார்ந்து சோறு தின்றவனுக்கல்லவா தெரியும். நான் வைத்த பொறியில் என் கூடப்பிறந்தவனே வந்து மாட்டியிருந்தான்.

ஒரு நிமிஷம் அவனை அப்படியே கல்லில் விட்டுவிட்டுக் கீழே ஓடத் தோன்றியது. ஆனால் கூட்டிப்போனவனைத் திருப்பிக் கொண்டுவராத கைடு கைடில்லை, என் வீட்டுக்காரர் உயிரை விட்டதே அதற்குத்தான். கையைக் கொடுத்தேன். அவன் காலைப் பிடித்துப் பொந்துக்குள் வைத்து, கொழுந்து மூட்டையைப்போல இழுத்து மேலே போட்டேன்.

வந்த வழியாகவே திரும்பினோம். அத்திமரத்தடியில் மிச்சச் சாராயத்தை ஊற்றும்போது பாதி வேரில் சிந்தியது. அவனை நான் திரும்பியும் பார்க்கவில்லை. என் கோபம் அவனைத் தாண்டிப் போயிருந்தது.

மடுவத்தில் யாரும் கலையவில்லை. நிறுவை முடிந்தும் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் பெண்கள் வரிசையாக நின்றார்கள். கொழுந்து லொறி ரோட்டை அடைத்து நின்றது. அதற்குப் பின்னால் கம்பனி வேன். புவனேந்திரன் அந்த முகங்களைப் பார்த்தான். தலைக்கு மேலே பனியைப் பார்த்தான்.

"கேட்டிருச்சா?" என்றான் என்னிடம், மெதுவாக.

"கங்காணி கத்துனா அடுத்த மல வரைக்கும் கேக்கும் மொதலாளி. ஒங்களுக்கு அதவிட நல்ல குரலு."

யாரும் அவனை அடிக்கவில்லை. வழி விட்டார்கள். வேனுக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, கால்களில் வழிகிற இரத்தத்தோடு உட்கார்ந்துகொண்டான். அவன் முகத்தை அப்படிப் பார்க்க வேண்டுமென்று எத்தனை நாள் ஆசைப்பட்டேன்! பார்த்தேன். பசி அடங்கவில்லை.

தினேஸ் வேன் டயருக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான். அவனைச் சுற்றி யாரும் நிற்கவில்லை.

"நீயா?" என்றேன்.

"அவரு பொய் சொல்றாருக்கா. தப்பிக்கிறதுக்கு..."

"சாமி பங்குன்னா என்னன்னு அவருக்குத் தெரியாதுடா."

தலையைக் குனிந்துகொண்டான். அந்தத் தலையைத் தோளில் சாய்த்துப் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவுக்குத் தூக்கிப் போனவள் நான். அம்மா கொழுந்து பறிக்க மலைக்குப் போனபிறகு அவனுக்கு நான்தான் அம்மா.

"மேல போ" என்றேன். "கல்லுல நின்னு சொல்லு."

"எல்லாருக்குந்தான் கேட்டுருச்சேக்கா."

"ஒன் வாயால கேக்கல."

"பனியா இருக்குக்கா."

"எனக்கும் பனியாத்தான் இருந்துச்சு."

தம்பையா கங்காணி தராசுக் கொக்கியைக் கீழே வைத்துவிட்டு, "எழும்புடா" என்றார். அவன் எழும்பினான். கங்காணிமார் ஏறும் குறுக்குப் பாதையில், நாலடிக்கு ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஏறிப் பனிக்குள் மறைந்தான். அப்போதுதான் பெரியாயி மாமியைக் கவனித்தேன். கொழுந்துக் கூடையைக்கூட இறக்காமல் தூணோடு ஒட்டி நின்றிருந்தார்.

காத்திருந்தோம். பிறகு பனிக்குள்ளிருந்து என் தம்பியின் குரல் இறங்கியது.

"மச்சான் குடிக்கல! சாமி பங்க அவரு தொடவேயில்ல! போகும்போது பாதிய ஊத்துனாரு, நான் பாத்தேன்! நான்தான் பொய் சொன்னேன்!"

யாரோ ஒரு பெண் ஓவென்று அழத் தொடங்கினாள். பெரியாயி மாமி கூடையை இறக்கி வைத்தார். அவ்வளவுதான் என்று நினைத்தேன். என் மகளுக்கு இனி எந்தத் தட்டும் ஒதுங்காது. நெஞ்சில் கை வைத்துக்கொண்டு மூச்சை விட்டேன். சிலபேர் மூட்டையைத் தூக்கக் குனிந்துவிட்டார்கள்.

மறுபடியும் குரல் வந்தது. இந்தத் தடவை அவன் கத்தவில்லை. தனக்குள் பேசிக்கொள்வதுபோலத்தான் பேசினான். அந்தக் கல் அதையும் விடாமல் எங்களிடம் கொண்டுவந்து கொடுத்தது.

"மச்சான் இடுப்புக் கயிறு என் கையிலதான் இருந்துச்சு. இறுக்கிப் புடிடான்னு சொன்னாரு. தண்ணி இழுத்துச்சு, என்னையும் இழுத்துரும்னு பயந்துட்டேன். விட்டுட்டேன். நான்தான் விட்டேன்க்கா. அது தெரிஞ்சுரக் கூடாதுன்னுதான் அப்பிடிச் சொன்னேன்."

அழுதுகொண்டிருந்த பெண்ணும் நிறுத்திவிட்டாள். மாமி தூணைப் பிடித்தபடி சறுக்கிக் கொழுந்து மூட்டையின்மேல் உட்கார்ந்தார்.

"அக்கா." மறுபடியும் கூப்பிட்டான். "அக்கா, ஏறத் தெரியல. கல்லு வழுக்குது. வந்து கூட்டிட்டுப் போக்கா."

தம்பையா கங்காணி என்னைப் பார்த்தார். அவருக்கும் எனக்கும் மட்டும்தான் அந்தப் பொந்து தெரியும். "நீ சொல்லு புள்ள. நீ சொன்னா நான் போறேன்" என்றார்.

நான் மாமியிடம் போய்க் குனிந்தேன். "மாமி, போகவா?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பனியைப் பார்த்தார்.

"வெளிச்சம் இருக்கில்ல?" என்றார். "இருக்கட்டும் கொஞ்சம். எம்புள்ளையும் இப்பிடித்தான கூப்பிட்டிருக்கும்."

நான் அவருக்குப் பக்கத்தில் மூட்டைமேல் உட்கார்ந்தேன். மேலே அவன் அக்கா, அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டேயிருந்தான். ஒவ்வொரு கூப்பாட்டுக்கும் என் கால்கள் தானாக எழும்பப் பார்த்தன. முழங்கால்களை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.